தீவுக்குப் போங்க... ஆனா முதல் வேலையிலேயே வேண்டாம்!

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஆஃபர் லெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வேலையை விடுறதைப் பத்திப் பேசுற ஒரு குரூப் எல்லா ஹாஸ்டல்லயும் இருக்கும். "மச்சி, ரிமோட் வேலை ஒண்ணு கிடைச்சா போதும். ஏதாவது ஒரு தீவு, கடற்கரை, லேப்டாப். லைஃப் செட்டில்!" இந்த டயலாக்கை நீங்க கேட்டிருப்பீங்க, இல்லன்னா சொல்லியிருப்பீங்க.

முதல்ல ஒரு விஷயம்: இது வெறும் பகல் கனவு இல்லை. கொரோனா காலத்துல சுற்றுலா படுத்ததும், சில தீவு நாடுகள் வெளிநாட்டுச் சம்பளக்காரங்களுக்குக் கதவைத் திறந்தாங்க. பார்படோஸ் 2020 ஜூலையில 12 மாத விசா ஒண்ணு கொண்டுவந்தது. கரீபியன் பக்கம் இருக்கிற அந்த நாட்டோட மொத்தப் பரப்பே சுமார் 430 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட நம்ம சென்னை மாநகராட்சி அளவு. அதே வருஷக் கடைசியில மொரீஷியஸ் 'பிரீமியம் விசா' அறிவிச்சது. அதுவும் ஒரு வருஷம், புதுப்பிச்சுக்கலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம். பார்படோஸ் கேட்கிற வருமானம் வருஷத்துக்கு 50,000 டாலர். மொரீஷியஸ் கேட்கிறது மாசம் குறைஞ்சது 1,500 டாலர், அதாவது ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல. கேம்பஸ்ல பெரும்பாலானவங்களுக்குக் கிடைக்கிற ஆஃபர் வருஷத்துக்கு மூணரை லட்சம், மாசம் முப்பதாயிரம் கூட வராது. ஆக, மொரீஷியஸ் போகணும்னாலே அதைப் போல நாலு மடங்கு சம்பளம் வேணும். வாசல்லயே நிறுத்திடுவாங்க நண்பா.

சரி, சம்பளம் வந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். அடுத்து கடிகாரம். பார்படோஸ் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னாடி. பெங்களூர் டீம் காலை 10 மணிக்கு மீட்டிங் வெச்சா அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. மொரீஷியஸ் ஒன்றரை மணி நேரம்தான் பின்னாடி, அதனால இந்தியக் கம்பெனிக்கு வசதி. ஆனா உங்க கிளையன்ட் கலிபோர்னியாவுல இருந்தா, அவர் காலையில காபியோட உட்காரும்போது உங்களுக்கு ராத்திரி 8, 9 மணி. கடற்கரை அங்கேயேதான் இருக்கும், அதைப் பார்க்கிற நேரத்துல நீங்க ஸ்க்ரீன் ஷேர் பண்ணிட்டு இருப்பீங்க.

அடுத்தது நம்ம ஏரியா: நெட்வொர்க். தீவுக்கு இன்டர்நெட் கடலுக்கு அடியில கேபிள் வழியாத்தான் வருது. 2022 ஜனவரி 15-ல டோங்கா பக்கத்துல கடலடி எரிமலை வெடிச்சு, அந்த நாட்டை வெளி உலகத்தோட இணைச்ச ஒரே கேபிள் அறுந்துபோச்சு. முக்கியத் தீவுக்கு அது திரும்ப வர ஐந்து வாரத்துக்கு மேல ஆச்சு. 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு எக்ஸாம்ல ரெண்டு மார்க்குக்கு எழுதுறோமே, ஒரு நாடே அதுல மாட்டினா எப்படி இருக்கும்னு யோசிங்க. மொரீஷியஸ் பரவாயில்லை, ஒண்ணுக்கு மேல கேபிள் இருக்கு. அதுல 'சேஃப்'ங்கிற ஒண்ணு நம்ம கொச்சியிலயும் கரை ஏறுது. ஆனா அங்கேயும் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் சீசன். 2024 ஜனவரியில பெலால் புயல் வந்தப்போ தலைநகர் போர்ட் லூயிஸ் தெருவுல கார்கள் வெள்ளத்துல அடிச்சுட்டுப் போச்சு. அன்னைக்கு டெட்லைன் இருந்தா, மேனேஜருக்கு என்ன மெசேஜ் போடுவீங்க? டிசம்பர்னா மழையைப் பார்த்துப் பழகின சென்னைக்காரங்களுக்கு இந்தக் கேள்வி புரியும்.

வரியும் விட்டுவைக்காது. எந்த நாட்டுல எத்தனை நாள் இருந்தீங்கங்கிறதை வெச்சுத்தான் நீங்க எந்த நாட்டு வரிக் கணக்குல வர்றீங்கன்னு முடிவாகும். இந்தியாவுல பொதுவா 182 நாள், மொரீஷியஸ்ல 183 நாள். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்டயும், கம்பெனி எச்.ஆர்.கிட்டயும் எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. 'வொர்க் ஃப்ரம் ஹோம்'னு ஆஃபர்ல போட்டிருந்தா, 'எந்த நாட்டுல இருந்தும்'னு அர்த்தம் இல்லை.

இதெல்லாம் நடைமுறைச் சிக்கல், சமாளிச்சுடலாம். எனக்கு இருக்கிற பெரிய ஆட்சேபம் வேற.

அந்த விசாவுல ஒரு நிபந்தனை இருக்கு: வருமானம் வெளிநாட்டுல இருந்துதான் வரணும், உள்ளூர் வேலைச் சந்தையில நுழையக் கூடாது. அந்த ஊர்ப் பசங்களோட வேலையைப் பறிக்கக் கூடாதுன்னு வெச்ச நியாயமான விதி. ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. நீங்க அந்த ஊர்ல யாரோடயும் சேர்ந்து வேலை பார்க்க மாட்டீங்க. டீ பிரேக்ல கூப்பிட ஆள் இல்லை, பக்கத்து சீட்ல சீனியர் இல்லை. முப்பது வயசுல, கையில தொழில் இருக்கிறவங்களுக்கு இது பெரிய விஷயமில்லை. இருபத்திரண்டு வயசுல? புரொடக்‌ஷன்ல ஏதாவது உடையும்போது சீனியர் எந்த லாகை முதல்ல திறக்கிறார், பதறாம எப்படி ரோல்பேக் பண்றார், இதெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக் கத்துக்கிறது. வீடியோ கால்ல அவர் முடிச்ச பதில்தான் வரும், அவர் தடுமாறின வழி தெரியாது.

அப்புறம், தீவு ஒரு வால்பேப்பர் இல்லை. மொரீஷியஸ் ரூபாய் நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு, தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை. 1834-க்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளா கப்பல் ஏறிப் போன இந்தியர்கள்ல நம்ம ஆட்களும் உண்டு. அவங்க பேரப்பிள்ளைகள் இன்னைக்கு வீட்டுல பேசுறது பெரும்பாலும் கிரியோல். அங்கே போய் ஒரு வருஷம் வில்லாவுக்குள்ளயே இருந்துட்டு, நாலு கிரியோல் வார்த்தை கூடத் தெரியாம திரும்பி வந்தா, வாடகையை ஏத்திவிட்டதைத் தவிர அந்த ஊருக்கு நாம என்ன செஞ்சோம்?

அதனால என் கருத்து இதுதான்: போங்க, கண்டிப்பா போங்க. ஆனா ரெண்டு மூணு வருஷம் மனுஷங்களோட உட்கார்ந்து வேலை கத்துக்கிட்டுப் போங்க. ஆறு மாசச் செலவுக்குப் பணம், ஹெல்த் இன்சூரன்ஸ், ரெண்டாவது இன்டர்நெட் கனெக்‌ஷன், இந்த மூணும் ரெடியா இருக்கணும். விசா விதிகள் மாறிக்கிட்டே இருக்கும், ரீல்ஸை நம்பாம அந்த நாட்டு அரசு இணையதளத்தைப் பாருங்க. முதல் தடவை புயல் சீசன் இல்லாத மாசத்துல, டூரிஸ்ட்டா ரெண்டு வாரம் தங்கி, அங்கே இருந்தே உங்க ஆபீஸ் டைம்படி எழுந்து தூங்கிப் பாருங்க. மூணாவது நாளும் பிடிச்சிருந்தா, அப்புறம் ரிமோட் வேலையைப் பத்தி யோசிங்க.

இந்த செமஸ்டருக்கு? லேப் ரெக்கார்டு முடிச்சாச்சா? அதை முதல்ல பாருங்க!