பி.டி. பீரியடை யார் எடுத்துக்கொண்டார்கள்?

போன வாரம் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கடாசிவிட்டு, "தாத்தா, இன்னிக்கும் பி.டி. பீரியடை மேத்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்க" என்றாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்துக்கு இரண்டே பி.டி. பீரியட். "பரீட்சை வருதுல்ல, பரவாயில்லம்மா" என்று சமாதானம் சொன்னேன். சொன்ன பிறகு மனசு உறுத்தியது.

நான் 1960களின் தொடக்கத்தில் கிராமத்துப் பள்ளியில் படித்தவன். கைத்தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியாகவே கணக்கும் மொழியும் கற்பிக்க வேண்டும் என்ற ஆதாரக் கல்வியை 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்தார். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. எங்களுடையது ஆதாரப் பள்ளி அல்ல. ஆனாலும் அதன் மிச்சமாகத் தக்ளியும் தோட்டமும் எங்களுக்கும் கிடைத்தன. தக்ளியில் நான் நூற்ற நூல் நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்துபோகும். தோட்டம் பிடித்திருந்தது.

கத்தரி, வெண்டை, கீரை போடுவோம். காய்த்ததை ஆசிரியர்களுக்கே விற்போம். ஏழாம் வகுப்பில் கணக்கு நோட்டு என் பொறுப்பு. ஒருநாள் கையில் நாலணா குறைந்தது. அடி விழும் என்று நடுங்கினேன். சார் அடிக்கவில்லை. "உட்காரு, முதல் வரியிலிருந்து பாரு" என்றார். ஒரே விற்பனையை இரண்டு தடவை எழுதியிருந்தேன். பிற்காலத்தில் பேங்கில் கணக்கு உதைத்த நாளெல்லாம் அந்தக் குரல்தான் காதில் கேட்கும். பி.காம். படிப்பில் யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தந்ததில்லை.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பிரம்படி இருந்தது. என்னோடு படித்த பெண்பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள். எனக்கு வேலை வாங்கித் தந்ததும் மார்க்தான். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மார்க் ஒரு ஏணி. அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

ஆனால் மார்க்குக்காக மற்றதையெல்லாம் பிடுங்கிவிடுவது வேறு. அந்தத் தப்பை நானே செய்தேன். மகன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் கால்பந்தை நிறுத்தி டியூஷனில் சேர்த்தேன். பூட்ஸைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டேன். நல்ல மார்க் வாங்கினான். காலேஜ் முடித்து முதல் இரண்டு இன்டர்வியூவில் தேறாதபோது ஒரு வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். சனிக்கிழமை நாலு கோல் வாங்கித் தோற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி மைதானத்துக்கு ஓடின பையன்தான் அவன். கதவுக்கு வெளியே நின்றபோது எனக்கு அந்த பூட்ஸ் ஞாபகம்தான் வந்தது.

இப்போது காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவரிடம் போய்க் கற்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற விஷயங்களில் நம் மாநிலத்தில் தகராறு உண்டு, அது தனிக் கதை. நம் அரசுப் பள்ளிகளிலும் சில வருஷங்களாகக் கலைத் திருவிழா நடக்கிறது. மேடையேறும் பிள்ளைகளைப் பார்க்கச் சந்தோஷம்தான். ஆனால் திருவிழா வருஷத்துக்கு ஒருமுறை. பிள்ளைக்கு வேண்டியது வாரா வாரம் அந்த நாற்பது நிமிஷம்.

அதை மேத்ஸ் மிஸ் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்கிறோமே, நாம்தான் எடுத்துக் கொடுக்கிறோம். போர்ஷன் முடியவில்லை என்றால் பாவம், அந்த அம்மாவைத்தானே எல்லோரும் பிடித்து உலுக்குகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு நான் போவதாக மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன்: "இந்த மாசம் எத்தனை பி.டி. பீரியட் நடந்துச்சு?" பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள் நீங்களும் கேளுங்கள். நாலு தாத்தா பாட்டி சேர்ந்து கேட்டால், பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.