புண் ஆறிடுச்சு, நோய் ஆறலை: சிஃபிலிஸின் கடைசிக் கட்டம் உடம்பை என்ன செய்யும்?

பிறப்புறுப்பில் சின்னதாக ஒரு புண். வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறிவிடும். ‘அப்பாடா, போயிடுச்சு’ என்று நிம்மதியாகிவிடுவோம். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் பெரிய ஆபத்தே இந்த நிம்மதிதான். போனது புண் மட்டுமே. கிருமி அதற்குள் ரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் பரவியிருக்கும்.

‘அது பழைய காலத்து வியாதி, இப்பல்லாம் யாருக்கு வருது?’ என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட சுமார் 80 லட்சம் பேருக்குப் புதிதாக இந்தத் தொற்று ஏற்பட்டது. வேலைக்குப் போகிற, குடும்பம் தொடங்குகிற வயது அது.

கடைசிக் கட்டம் என்பது என்ன?

ட்ரெபொனிமா பாலிடம் என்ற சுருள் வடிவ பாக்டீரியாதான் இந்த நோய்க்குக் காரணம். புண் முதல் கட்டம். சில வாரங்கள் கழித்து உடம்பில், குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், தடிப்புகள் வரலாம். காய்ச்சல், நெறிகட்டுதல், முடி கொட்டுதலும் இருக்கலாம். இது இரண்டாம் கட்டம். இதுவும் தானாகவே போய்விடும். ‘ஏதோ அலர்ஜி’ என்று மறந்தும் போவோம்.

அடுத்தது மறைநிலை. எந்த அறிகுறியும் இருக்காது. ரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும். இப்படியே ஆண்டுக்கணக்கில் போகும். சிகிச்சை எடுக்காத எல்லோருக்கும் கடைசிக் கட்டம் வருவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வரலாம். அதுவும் பெரும்பாலும் 10 முதல் 30 ஆண்டுகள் கழித்து. 25 வயதில் தொற்றியது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் தலைகாட்டலாம்.

எங்கெல்லாம் பாதிப்பு?

இதயம்: இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் பலவீனமாகி பலூன் போலப் புடைக்கும். வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். புடைப்பு வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

மூளை, நரம்பு: ஞாபக மறதி, குணமாற்றம், மனநோய் போன்ற அறிகுறிகள், பக்கவாதம் வரலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால்களில் மின்னல் வெட்டுவது போன்ற வலி இருக்கும். நடை தள்ளாடும், இருட்டில் இன்னும் மோசமாகும்.

கண், காது: பார்வையும் கேட்கும் திறனும் போகலாம். இதற்குக் கடைசிக் கட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, எந்தக் கட்டத்திலும் நடக்கலாம்.

தோல், எலும்பு: கட்டிகள் தோன்றி அந்த இடத்தையே அரிக்கும்.

இதில் ஒருவர் இதய மருத்துவரிடம் போவார், இன்னொருவர் மனநல மருத்துவரிடம் போவார். இருபது வருஷத்துக்கு முந்தைய புண்ணை யார் ஞாபகம் வைத்துச் சொல்லப் போகிறார்கள்?

மருந்து இருக்கா?

இருக்கிறது. 1943 முதல் சிஃபிலிஸுக்குப் பயன்படும் பெனிசிலின்தான் இன்றும் முதல் மருந்து. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஒரே தவணை ஊசி போதும். ஓராண்டைத் தாண்டிவிட்டால் வாரம் ஒரு தவணையாக மூன்று வாரங்கள். மூளை, கண், காது பாதிக்கப்பட்டிருந்தால் 10 முதல் 14 நாள் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று மருந்து பற்றி மருத்துவர் முடிவு செய்வார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆயின்மென்ட்டும் நாலு மாத்திரையும் இந்த வேலையைச் செய்யாது.

ஒன்றை மட்டும் பெனிசிலினாலும் செய்ய முடியாது. கிருமியை அது கொல்லும், ஆனால் புடைத்த ரத்தக்குழாயைப் பழையபடி ஆக்காது. செத்த நரம்பும் திரும்பாது. அதனால்தான் ‘எப்போது கண்டுபிடிக்கிறோம்’ என்பது இங்கே முக்கியம்.

யாரிடம் கேட்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?

கர்ப்பிணிகளின் ரிப்போர்ட்டில் ‘விடிஆர்எல்’ என்று ஒரு வரி இருக்கும். அது சிஃபிலிஸுக்கான பரிசோதனை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், பிறவிக் குறைபாடு வரை போகலாம் என்பதால் அது கட்டாயம் பார்க்கப்படுகிறது. தானமாகக் கொடுக்கும் ரத்தத்திலும் சிஃபிலிஸ் பரிசோதனை உண்டு.

ஆக, பெண் கர்ப்பமானால் பரிசோதிக்கிறோம், பாட்டில் ரத்தத்தைப் பரிசோதிக்கிறோம். ஆணிடம் யாரும் கேட்பதில்லை. மனைவிக்கு பாசிட்டிவ் வந்தால், கணவரும் பரிசோதனைக்கு வருவதுதான் முறை. அவர் வராமல் மனைவிக்கு மட்டும் ஊசி போட்டால், தொற்று மறுபடி வர வழியிருக்கிறது. ஒருமுறை குணமானவருக்கு மீண்டும் தொற்றாது என்ற உத்தரவாதம் கிடையாது. ‘யாரால வந்துச்சு’ என்ற சண்டையை விட ‘ரெண்டு பேரும் ஊசி போட்டாச்சா’ என்ற கேள்விதான் அந்த வீட்டைக் காப்பாற்றும்.

பழியை அடுத்தவர் மேல் போடுவது இந்த நோயோடு கூடவே வந்த பழக்கம். இத்தாலியர்கள் இதை ‘பிரெஞ்சு நோய்’ என்றார்கள். போர்ச்சுகீசியரை வைத்து நம் ஊரில் ‘பறங்கிப்புண்’ என்று பெயர் வந்தது. பெயரை மாற்றியதால் யாருக்கும் குணமாகவில்லை.

எங்கே போவது?

பம்மல், தாம்பரம் பக்கத்து மக்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1928ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், பின்னாளில் எச்ஐவி நோயாளிகளின் பெரிய புகலிடமாகவும் ஆனது. 2004ல் இலவச ஏஆர்டி மருந்து முதலில் கிடைத்த அரசு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. வெளியே சொல்லக்கூட பயந்த நோய்களுக்கு மருந்து வாங்க மக்கள் வரிசையில் நின்ற இடம் அது.

சிஃபிலிஸுக்கும் அந்தத் துணிச்சல் போதும். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென ‘சுகவாழ்வு மையம்’, எச்ஐவி பரிசோதனைக்கு ‘நம்பிக்கை மையம்’ உள்ளன. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், விவரம் ரகசியமாக இருக்கும். பம்மல்காரர்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். நேரில் கேட்கத் தயக்கமா? 1097 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்யலாம்.

பழைய தொற்றாக இருந்தால் விடிஆர்எல் சில சமயம் நெகட்டிவ் காட்டும். அதனால் டிபிஹெச்ஏ பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எப்போதோ வந்து போன புண் ஞாபகம் இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சரியான பரிசோதனையை அவர் தேர்வு செய்ய அந்த ஒரு வரி உதவும்.