உடல் நலம்: விரலிடுக்கில் ஒரு வாசல்

தில்லியில் குளிர் தொடங்கிவிட்டால், ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருக்கும் தாய் தந்தையர் நாள் முழுதும் காலுறை அணிந்தே இருப்பர். அதனுள் நிகழ்வதை எவரும் காண்பதில்லை. வறண்ட காற்றில் குதிகால் வெடிக்கிறது. ஈரம் துடைக்காத விரலிடுக்கில் சேற்றுப்புண் தோன்றுகிறது. கிருமிகள் உட்புகும் வாசல் இவையே.

கிருமி தோலுக்கடியில் பரவினால், பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் செம்மை, வெப்பம், வீக்கம், வலி ஆகியவை தோன்றும். மாநிறத் தோலில் செம்மை தெளிவாகத் தெரியாது. புறங்கையால் இரு கால்களையும் தொட்டு ஒப்பிட வேண்டும். முதியோருக்குக் காய்ச்சல் இல்லாமலே சோர்வும் மனத்தடுமாற்றமும் வரலாம். நீரிழிவுள்ளவர்க்கு வலியே தெரியாமற் போகலாம்.

இவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்தால், அது பரவுவது புலப்படும். தோல் கறுத்தாலோ, கொப்புளித்தாலோ, தாங்கொணா வலி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் பூச வேண்டா. மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளையும் கொடுக்க வேண்டா.

தடுப்பது எளிது. நாள்தோறும் கால்களைக் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் ஆகாது. சேற்றுப்புண்ணைச் சிறிதென எண்ணாமல் மருந்திட்டு ஆற்றுங்கள்.

குனிய இயலாத முதியோர் தம் பாதத்தைத் தாமே காண்பது அரிது. கேட்டால் "ஒன்றுமில்லை" என்பர். பெற்றோர் பாதம் தொட்டு வணங்குவது நம் மரபு. வணங்கும்போது ஒரு கணம் விரலிடுக்கையும் நோக்குங்கள்.