ஒரே நாளில் கண்டிக்குப் போய் வரலாமா?



யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போக வேண்டிய தேவை நம் குடும்பங்களுக்கு அடிக்கடி வருகிறது. மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கும். அம்மாவைக் கண்டி வைத்தியசாலையில் காட்டச் சொல்லிக் கடிதம் தந்திருப்பார்கள். மலையகத்தில் சம்பந்தம் செய்த வீட்டில் ஒரு நல்ல காரியம் இருக்கும். உடனே வீட்டில் ஒரு பேச்சு எழும்: "ஒரு வானைப் பிடிச்சால் விடிய வெளிக்கிட்டு இரவைக்குத் திரும்பிடலாம்."

சொல்வது சுலபம். இந்த முடிவை எடுப்பவர் யார், அதற்கான பாட்டைச் சுமப்பவர் யார் என்பதைத்தான் இம்மாதம் சற்று யோசித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் கணக்குப் பார்ப்போம்

ஏ-9 வீதி கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் 321 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால் கிளிநொச்சி சுமார் 65 கிலோமீற்றர், வவுனியா சுமார் 140, தம்புள்ளை சுமார் 250, மாத்தளை சுமார் 295. வீதி இன்று நன்றாக இருக்கிறது. ஆனாலும் வழியில் எத்தனையோ பட்டணங்கள், பாடசாலைகள், சந்திகள். தம்புள்ளை தாண்டியதும் ஏற்றமும் வளைவும். மாத்தளைக்கு அப்பால் அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாகன நெரிசல். ஆகவே மணிக்குச் சராசரி 50 கிலோமீற்றருக்கு மேல் கணக்கிடுவது புத்தியல்ல. ஓட்டத்துக்கு மட்டும் ஆறரை மணித்தியாலம். சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் ஒன்றரை மணித்தியாலம். மொத்தம் எட்டு.

காலை 5 மணிக்குப் புறப்பட்டால் பகல் 1 மணிக்குக் கண்டி. அங்கே வேலை முடிய மாலை 3.30 என்று வைப்போம். திரும்ப எட்டு மணித்தியாலம். வீட்டு வாசலில் இறங்கும்போது இரவு 11.30.

இனி, காலை 4 மணிக்கு எழும்பிய சாரதியை நினைத்துப் பாருங்கள். இரவு 9 மணியாகும்போது அவர் 17 மணித்தியாலம் விழித்திருக்கிறார். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலக் குறைந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாகனம் எங்கே நிற்கும் என்று கணக்குப் பாருங்கள். வவுனியாவைக் கடந்து வன்னிக் காட்டுக்குள். நேரான வீதி, இருட்டு, வீதியில் படுத்திருக்கும் மாடுகள். வாகனத்துக்குள் எல்லோரும் உறக்கம். குடிபோதையில் ஒருவர் வானை எடுத்தால் நாம் பிள்ளைகளை ஏற்றுவோமா? தூக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் ஏன் ஒப்படைக்கிறோம்?

"அப்படியானால் முதல்நாள் இரவே வெளிக்கிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அது இன்னும் மோசம். பகல் முழுவதும் வேறு ஓட்டம் ஓடிய சாரதி, இரவும் ஓட்டுவார். அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் மனித உடல் உறக்கத்துக்கு மிகவும் ஏங்குகிறது. பயிற்சியோ துணிச்சலோ அதை மாற்றாது.

எனவே என் பதில் இதுதான். ஒரே நாளில் கண்டிக்குப் போகலாம். ஒரே சாரதியுடன் அதே நாளில் திரும்பி வரக்கூடாது.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது?

அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2002இல் இந்த வீதி மீண்டும் திறந்தபோது முகமாலையிலும் ஓமந்தையிலும் பொதிகளை இறக்கி, வரிசையில் நின்று, மீண்டும் ஏற்றினோம். சாவடி மூடுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்ற பதைப்பு எல்லோருக்கும் இருந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்துக்கிடந்த காலம் அதன்பின் வந்தது. யுத்தம் 2009இல் முடிந்த பின்னரே பாதை திரும்பவும் திறந்தது. ஓமந்தைச் சாவடி 2015இல்தான் அகற்றப்பட்டது. "இருட்டுமுன் கடந்திட வேணும்", "வழியில் தங்கக்கூடாது" என்ற எண்ணம் இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் ஊறிவிட்டது. ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றிய பழக்கம், காரணம் மறைந்த பின்னும் வழக்கமாக நீடிப்பதைச் சமூகவியலில் நாங்கள் பல இடங்களில் காண்கிறோம். அன்று அந்த அவசரம் நம்மைக் காத்தது. இன்று அதுவே நம்மை ஆபத்தில் தள்ளலாம்.

இன்னொரு காரணம் பணம். தங்குமிடச் செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். அதிலும் பெண் தனியே நடத்தும் குடும்பத்தில் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. அதை நான் அறியாமல் சொல்லவில்லை. ஆனால் வாடகை பேசும்போதே "மறுநாள் திரும்பினால் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் கேட்பதேயில்லை. உறவினர் வீடு, பழைய அயலவர் வீடு, மகளின் சிநேகிதி வீடு என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரு வழி பிறக்கும். அதுவும் இல்லையென்றால் ஆட்களைக் குறையுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட வான் நிறையச் சனம் தேவையில்லை. தாயும் பிள்ளையும் பஸ்ஸில் போய், ஒருநாள் தங்கி வருவதற்கு வான் வாடகையில் ஒரு பங்குதான் முடியும். வான்தான் வேண்டும், அன்றே திரும்பியாக வேண்டும் என்றால் இரண்டாவது சாரதி ஒருவர் கட்டாயம் வரட்டும்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

பயணத் திட்டம் போடும்போது ஆண்கள் பேசுவது பெற்றோல், பாதை, நேரம். மலசலகூடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெண்களும் வெட்கத்தில் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறோம். முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. "வழியில இறங்க ஏலாது, குடிக்காதை" என்று பெண்பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறோம்.

இது சின்ன விடயமல்ல சகோதரிகளே. தண்ணீர் குறைந்தால் தலையிடி, களைப்பு, மயக்கம் வரும். சிறுநீரை மணிக்கணக்காக அடக்கினால் தொற்று ஏற்பட வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிக்கும் நீரிழிவுள்ள தாய்க்கும் இது மேலும் கெடுதி. மாதவிடாய் நாட்களில் எட்டு மணித்தியாலம் ஒரே அணையாடையுடன் இருப்பது எவ்வளவு சங்கடம் என்பதை நம்மைத் தவிர யார் அறிவார்?

ஆகவே நிற்குமிடங்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது கிளிநொச்சி. இரண்டாவது வவுனியா, காலைச் சாப்பாட்டுக்கு. மூன்றாவது தம்புள்ளை. நான்காவது மாத்தளை. பட்டணத்து உணவகம் அல்லது எரிபொருள் நிரப்பு நிலையத்தில் நிறுத்தும்படி சாரதியிடம் புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் கேட்பதற்கு வெட்கமாக இருக்கும். காலையில் பட்டியலாகக் கொடுத்தால் அது திட்டம். முறிகண்டியில் எப்படியும் வாகனம் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கும்போது கால்களை நீட்டிச் சற்று நடவுங்கள்.

வீதியோரப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை காணும் இடங்களில் வீதியை விட்டு ஓரடிகூட எடுத்து வைக்கக்கூடாது. சிறுபிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

முதல்நாள் இரவு

பயணத்துக்கு முதல்நாள் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். புட்டோ இடியப்பமோ அவித்து, சம்பல் அரைத்து, பத்துப் பேருக்குப் பொதி கட்டி, பிள்ளைகளின் உடுப்பை மடித்து, தாய் படுக்கும்போது நள்ளிரவு. மூன்று மணிக்கு முதலில் எழும்புபவளும் அவளே. வாகனத்தில் கடைசி ஆசனத்தில், மடியில் பிள்ளையுடன் இருப்பவளும் அவளே.

இதை மாற்றலாம். காலைச் சாப்பாட்டை வவுனியாவில் கடையில் சாப்பிடலாம். இல்லையேல் பாணும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் போதும். மலைப்பாதைக்குக் கனமான சாப்பாடு உகந்ததுமல்ல. தேங்காய்ப்பூச் சேர்ந்த உணவு வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். சமையலைக் குறைத்து எல்லோரும் 9 மணிக்குப் படுக்கட்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: அனைவரதும் அடையாள அட்டை, மருந்துகள், கிளினிக் கொப்பி, குடிதண்ணீர், அணையாடை, பழைய துணி, வாந்திக்குப் பொலித்தீன் பை, ஒரு டோர்ச். பல்கலைக்கழகப் பதிவுக்கோ வைத்தியசாலைக்கோ போவதானால் மூலப் பத்திரங்களையும் பிரதிகளையும் ஒரே உறையில் போட்டு உங்கள் கைப்பையில் வையுங்கள். மறந்துபோன ஒரு கடதாசிக்காக 321 கிலோமீற்றர் திரும்ப முடியாது.

போகும் நாளையும் கவனியுங்கள். எசல பெரஹரா நடக்கும் காலத்தில் கண்டியில் வீதிகள் மூடப்படும், தங்குமிடமும் கிடைக்காது. கடும் மழை நாட்களில் அக்குறணையில் வீதியில் வெள்ளம் ஏறும். மாத்தளை, கண்டி மாவட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று செய்தியில் கேட்டுவிட்டே புறப்படுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் வெட்கமில்லை.

வாகனத்துக்குள்

முன் ஆசனத்தில் இருப்பவர் பட்டி அணிய வேண்டும் என்பது சட்டம். பின் ஆசனத்தில் பட்டி இருந்தால் அதையும் போடுங்கள். கர்ப்பிணிப் பெண் இடுப்புப் பட்டியை வயிற்றின் மேலாகப் போடாமல், வயிற்றுக்குக் கீழே தொடையோடு சேர்த்துப் போட வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது அவருக்கு மிக அவசியம். நீண்ட பயணம் போகலாமா என்று கிளினிக்கில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுபிள்ளையை மடியில் வைத்து முன் ஆசனத்தில் இருக்க வேண்டாம். திடீரெனப் பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைத் தாங்காது.

சாரதியை நம் குடும்பத்தில் ஒருவராக நடத்துங்கள். அவருக்கும் நம்மோடு இருத்திச் சாப்பாடு கொடுங்கள். இரவு தங்கும்போது அவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் வாகனத்துக்குள் நுளம்புக்கடியில் படுத்தவர் மறுநாள் எப்படி ஓட்டுவார்?

அடிக்கடி கொட்டாவி விடுதல், கண்ணைக் கசக்குதல், வாகனம் கோட்டைத் தாண்டி அலைதல் ஆகியவை தூக்கத்தின் அடையாளங்கள். கண்டால் பேசாமல் இருக்காதீர்கள். "தம்பி, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போவமே" என்று சொல்லி நிறுத்துங்கள். தேநீர் சற்று நேரத்துக்குத்தான் உதவும். இருபது நிமிடமாவது கண் மூடி உறங்கச் சொல்லுங்கள். வேகமாக ஓடினால் "மெல்லப் போங்கோ" என்று சொல்லும் உரிமையும் நமக்குண்டு. ஆண்கள் இருக்கும்போது நாம் எப்படிச் சொல்வது என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அந்த வாகனத்தில் இருப்பது உங்கள் பிள்ளை. அதைவிட வேறு அனுமதி தேவையில்லை.

தொலைபேசியில் மூன்று இலக்கங்களைப் பதிந்து வையுங்கள். அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மதவாச்சிக்குத் தெற்கே சிங்களம் வேண்டும். "வெசிகிளிய கொஹெத?" என்றால் மலசலகூடம் எங்கே என்று பொருள். "ஹெமின் யன்ன" என்றால் மெதுவாகப் போங்கள். இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பேச வேண்டிய இடத்தில் பேசுவோம்

பெண்களிடம் கேட்காமல் போடும் திட்டத்தில் பெண்களின் தேவை இருக்காது. அது பயணத்துக்கும் பொருந்தும், வீட்டுக்கும் ஊருக்கும் பொருந்தும். அடுத்த முறை வீட்டில் பயணப் பேச்சு வந்தால் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஒரு கடதாசியும் பேனையும் எடுத்து விறாந்தையில் வந்து இருங்கள். புறப்படும் நேரம், நிற்கும் இடம், சாரதியின் உறக்கம், தங்கும் வீடு, ஆளுக்கு ஆகும் செலவு ஆகிய ஐந்தையும் எழுதிக் கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். கணக்கைக் காட்டினால் கேட்பார்கள்.

மகளைப் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வருவது ஒரு தாயின் வாழ்வில் சிலமுறையே வரும் நாள். அந்த நாளில் அவளுடைய விடுதி அறையைப் பார்த்து, பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசி, ஆறுதலாக விடைபெறுங்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் வீடு திரும்புங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.