கேரவன் டாப்பைக் கழுவ ஏறுவது யார்? ‘பையன் பார்த்துக்குவான்’ என்ற பதிலில் இருக்கும் ஆபத்து!

திருச்சி - மதுரை நான்குவழிச் சாலையில் விராலிமலை ஒரு நிறுத்தம். முருகனைப் பார்க்க வருகிற வேன், பழநிக்கோ சபரிமலைக்கோ போகிற டூரிஸ்ட் பஸ், ஷூட்டிங் முடித்துத் திரும்புகிற கேரவன் என்று எல்லாமே இந்த ரோட்டில்தான் ஓடுகின்றன. இப்படி ஓடுகிற வண்டிகள் ஏதோ ஓர் ஊரில் வாட்டர் சர்வீஸுக்கு நின்றாக வேண்டும். அங்கே நடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சோப்பு நுரை வழிகிற டாப்பில் வெறுங்காலோடு ஒருவர், கையில் பிரஷ். வண்டி ஓனர் கீழே நிழலில், கையில் போன்.

இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். இவ்வளவு நாளாக இப்படித்தானே நடக்கிறது? அந்தப் பழக்கம்தான் பிரச்னையே.

10 அடிதானே, என்ன ஆகிவிடும்?

பஸ் சேஸிஸில் கட்டிய கேரவனின் டாப், தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரம். கேட்க சின்ன உயரம்தான். கணக்குப் போட்டால் கதை வேறு. 3 மீட்டரிலிருந்து விழுபவர் தரையைத் தொட 0.8 நொடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 28 கி.மீ. கை நீட்டிப் பிடிக்கவோ, உடம்பைத் திருப்பிக்கொள்ளவோ நேரமே கிடையாது. கீழே இருப்பதோ பெரும்பாலும் சிமென்ட் தளம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர். எதிர்பாராத காயங்களால் வரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

கேரவன் டாப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது மொட்டை மாடி மாதிரி சமதளம் இல்லை. ஏசி யூனிட், சோலார் பேனல், காற்றுக்காக வைத்த பிளாஸ்டிக் மூடி, ஒயர் என்று கால் தட்டுகிற பொருள்கள் நிறைய. பிளாஸ்டிக் மூடி மேல் கால் வைத்தால் உடைந்து உள்ளே போகும். எல்லா டாப்பும் ஆள் எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்காது. அதற்கு மேல் தண்ணீரும் ஷாம்பூவும் சேர்ந்தால்?

தலைக்கு மேலே பார்த்தீர்களா?

விழுவது மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால் தப்பு. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேருக்கும் கேரவனுக்கும் என்ன சம்பந்தம்? உயரம்தான்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகள், சாலையைக் குறுக்காகக் கடக்கும் 11 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்றன. சாலை அல்லாத இடங்களில் 4.6 மீட்டரே போதும் என்றிருந்தது. 3 மீட்டர் டாப்பில் நிற்பவர் கையைத் தூக்கினால் 5 மீட்டரைத் தாண்டிவிடுவார். கையில் ஒன்றரை மீட்டர் அலுமினியக் கம்பு வைத்த பிரஷ் இருந்தால் 6.5 மீட்டர். ஆக, கம்பி அந்த விதிப்படியே போயிருந்தாலும் கழுவுகிறவருக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் முதல் முடிவு. மேலே கம்பி போகிற இடத்தில் டாப் வேலையே கூடாது.

பெல்ட் போட்டால் போதாதா?

சேஃப்டி பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே அது பெரும்பாலும் கை கொடுக்காது. வழக்கமான 1.8 மீட்டர் கயிறும் அதோடு வருகிற அதிர்ச்சி தாங்கியும் முழுதாக விரிந்து ஒருவரைத் தரையில் படாமல் நிறுத்த, கயிறு கட்டிய இடத்துக்குக் கீழே 5 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். வண்டி உயரமே 3 மீட்டர். லக்கேஜ் கேரியரில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விழுந்தால், கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். தலைக்கு மேலே உறுதியான கொக்கி உள்ள ஷெட்டில்தான் பெல்ட்டுக்கு அர்த்தம்.

அப்படியானால் வழி? ஏறாமல் கழுவுவதுதான். நீளக் கைப்பிடி பிரஷ், கைப்பிடிக் கம்பியோடு மேடை வைத்த ஏணி, வண்டியின் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று வேலை. அவ்வளவுதான். கம்பு மின்சாரம் கடத்தாத ஃபைபரில் இருந்தால் நல்லது. அதற்காகக் கம்பிக்கு அடியில் நின்றுவிடக் கூடாது. சாதாரண ஏணி என்றால் 4-க்கு 1 கணக்கு: 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி அடிப்பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போது இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் இருக்கணும். பிரஷர் வாஷரைப் பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்கவே கூடாது. தண்ணீர் பீய்ச்சும் வேகம் ஆளைப் பின்னால் தள்ளும். உச்சி வெயிலும் வேண்டாம். தகரம் சுடும், தலை சுற்றும்.

சட்டம் எங்கே போனது?

உயரத்தில் வேலை செய்பவர் விழ வாய்ப்பிருந்தால் தடுப்பு வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் 32-வது பிரிவிலேயே சொன்னது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. மூன்று, நான்கு பேர் வேலை பார்க்கும் ரோட்டோர வாட்டர் சர்வீஸ் அந்தக் கணக்கில் வராது. வேலையின்போது அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு 1923 முதல் இருக்கிறது. நடைமுறையிலோ, தினக்கூலிக்கு வந்த பையனுக்கு யார் முதலாளி என்பதே குழப்பம். கடைக்காரர் ஓனரைக் காட்டுவார், ஓனர் டிரைவரைக் காட்டுவார்.

வெளிநாடுகளில் கேரவன் வைத்திருப்பவர் பெரும்பாலும் தானே டாப்பைக் கழுவுகிறார். அதனால் அங்கே எழுதப்படும் பாதுகாப்புக் குறிப்புகள் ஓனரைப் பார்த்துப் பேசுகின்றன. இங்கே விழப்போவது ஓனர் இல்லை. அதனால்தான் அந்தக் குறிப்புகளை அப்படியே தமிழில் போட்டால் வேலைக்கு ஆகாது. ‘கவனமா ஏறு தம்பி’ என்பது அறிவுரை மாதிரித் தெரியும். உண்மையில் அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. மேடை ஏணி இல்லாத இடத்தில் கவனம் மட்டும் என்ன செய்யும்?

கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. இங்கேயும் வாடகை கேரவனில் வார இறுதி ட்ரிப் போவது ஐடி நண்பர்கள் வட்டத்தில் பேச்சாகிவிட்டது. வண்டிகள் பெருகினால் கழுவும் வேலையும் பெருகும். வாடகைக்கு எடுப்பவர்கள் ஏசி ஓடுதா, டாய்லெட் சுத்தமா என்று கேட்கிறோம். ‘டாப்பை எப்படிக் கழுவுறீங்க?’ என்று இன்னொரு கேள்வி கேட்டால் என்ன? வாடிக்கையாளர் கேட்கிற இடத்தில்தான் கடைக்காரர் ஏணி வாங்குவார்.

ஒருவேளை யாராவது விழுந்துவிட்டால், தூக்கி உட்காரவைக்கக் கூடாது. முதுகெலும்பில் அடி இருந்தால் அந்தத் தூக்கலே கை கால்களை முடக்கிவிடலாம். அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். விராலிமலையிலிருந்து திருச்சி அரசு மருத்துவமனைக்கு சுமார் 30 கி.மீ. அந்தப் பயணம் யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல ஏணி போதும். அடுத்த முறை சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, அங்கே அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், டாப் அழுக்காகவே இருக்கட்டும்.