ஜடேஜாவுக்காகக் கொதித்தவர்கள் கேட்க மறந்த கேள்வி

2025 நவம்பர் 15 அன்று வெளியான ஓர் அறிவிப்பு தமிழ்நாட்டு கிரிக்கெட் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை ரூ.18 கோடிக்கு வாங்கிக்கொண்டது சென்னை சூப்பர் கிங்ஸ். இந்தக் கைமாற்றத்தில் ஜடேஜாவின் சம்பளம் ரூ.18 கோடியிலிருந்து ரூ.14 கோடியாக இறங்கியது.

2012இல் சென்னைக்கு வந்தவர் ஜடேஜா. அணி தடைக்கு ஆளான இரண்டு ஆண்டுகளைத் தவிர, மஞ்சள் சட்டையைக் கழற்றாதவர். மூன்று கோப்பைகளில் பங்கு உண்டு. முன்னாள் சென்னை வீரர் பிராவோவை முந்தி, ஐபிஎல்லில் சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவரும் அவரே. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் தேவைப்பட்டபோது, குஜராத் பந்துவீச்சாளர் மோஹித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி என்று விரட்டிக் கோப்பையை வாங்கித் தந்தவரை எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்று ரசிகர்கள் கேட்டார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையை அடுத்த கடற்கரை மணலில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், முதுகில் ஜடேஜாவின் எண்ணான 8 போட்ட மஞ்சள் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தான். அந்த எண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம்.

அவனுடைய கோபம் நியாயமானது. ஆனால், ‘நிர்வாகம் நன்றி மறந்துவிட்டது’ என்று திட்டுவதோடு ரசிகர்கள் நின்றுவிடுவதுதான் பிரச்சினை. ஐபிஎல் விதிகளில் நன்றிக்கு எந்தக் காலத்திலும் இடம் இருந்ததில்லை. இதே ஜடேஜா, ராஜஸ்தான் வீரராக இருந்துகொண்டு வேறொரு அணியுடன் தானே பேரம் பேசினார் என்று 2010இல் ஓராண்டு ஆடவிடாமல் தடுக்கப்பட்டார். வீரர் தன் விலையைத் தானே பேசினால் குற்றம். முதலாளிகள் பேசினால் ‘டிரேட்’. இப்படிப்பட்ட அமைப்பிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பது வீண். ஊரோடு அணியைக் கட்டிப்போட ஒரு விதிதான் வேண்டும்.

நான்கும் ஒன்றும்

ஜடேஜா கைமாறிய அதே நாளில் வெளியான ஒரு பட்டியலைப் பார்த்து யாரும் கொதிக்கவில்லை. ஒவ்வோர் அணியும் தக்கவைத்துக்கொண்ட வீரர்களின் பட்டியல் அது. அகமதாபாத்தைச் சேர்ந்த குஜராத் டைட்டன்ஸ் அணியில் சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர், ஷாருக் கான், சாய் கிஷோர் என்று தமிழ்நாட்டு வீரர்கள் நான்கு பேர். சென்னை அணியில் ஒரே ஒருவர்: தமிழ்நாடு ரஞ்சி அணிக்கு ஆடும் வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங். அவர் அதுவரை ஒரு ஐபிஎல் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. தமிழ்நாட்டு வீரர் ஆந்த்ரே சித்தார்த் விடுவிக்கப்பட்டுவிட்டார். அகமதாபாத்துக்கு நான்கு, சென்னைக்கு ஒன்று. இந்தக் கணக்கைத்தான் ஒவ்வொரு ரசிகரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஜடேஜா கோப்பையை வென்று தந்த அந்த 2023 இறுதிப் போட்டியில், எதிரணிக்காக 47 பந்துகளில் 96 ரன் அடித்தவர் யார்? சென்னைப் பையன் சாய் சுதர்சன். குஜராத் அவரை வாங்கிய விலை ரூ.20 லட்சம். 2025இல் 759 ரன் குவித்து ஆரஞ்சுத் தொப்பியையும் அவர் அணிந்தார். சாய் கிஷோரின் கதை இன்னும் வேதனையானது. 2020, 2021 இரண்டு சீசன்களிலும் சென்னை அணியில்தான் இருந்தார். ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. குஜராத் போனார், 2025இல் 19 விக்கெட் எடுத்தார். அதே சீசனில் சென்னை 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறில் ஐந்து தோல்விகள். அந்த ஆடுகளத்தில் வளர்ந்த சுழற்பந்து வீச்சாளர் அகமதாபாத்தில் இருக்க, சொந்த மண்ணில் உதை வாங்கினால் ஆடுகளத்தைக் குறைசொல்வதில் என்ன அர்த்தம்? 38 வயதில் அஸ்வினைத் திரும்ப அழைத்ததை இதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டாம். அவரை இளமையில் விட்டுவிட்டு, ஓய்வு பெறும் நேரத்தில் அழைப்பது உள்ளூர்ப் பாசம் ஆகாது.

உள்ளூர் வீரர்களின் பலம் தெரிய, 2011 இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். முதல் ஓவரிலேயே பெங்களூரு அணியின் கெயிலை ரன் எடுக்க விடாமல் அனுப்பியவர் அஸ்வின். 95 ரன் அடித்தவர் முரளி விஜய். இருவருமே சென்னைக்காரர்கள். தோனி ராஞ்சியிலிருந்து வந்து ‘தல’ ஆனார் என்றால், அவரைச் சுற்றிப் பத்ரிநாத், பாலாஜி என்று நம்மவர்கள் நின்றதும் அதற்கு ஒரு காரணம்.

பில்பாவோவின் பாடம்

‘திறமை மட்டுமே அளவுகோல், மாநிலம் பார்க்கக் கூடாது’ என்று உபதேசிப்பவர்கள் ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கால்பந்து அணியைப் பார்க்கட்டும். 1912 முதல் பாஸ்க் பகுதியில் பிறந்த அல்லது அங்கே ஆட்டம் பயின்ற வீரர்களை மட்டுமே களமிறக்குவது என்ற கொள்கையை அந்த அணி கைவிடவில்லை. மேட்டுக்குடி மனோபாவம், குறுகிய பார்வை என்று எத்தனையோ ஏச்சுகள். ஆனால், ஸ்பெயின் முதல்நிலை லீகிலிருந்து ஒருமுறைகூடக் கீழே தள்ளப்படாத அணிகள் மூன்றே மூன்று: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவோ. முதல் இரண்டும் உலகெங்கும் ஆள் பிடிக்கின்றன. மூன்றாவது, தன் ஊர்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே எட்டு முறை லீக் பட்டம் வென்றது. 2024இல் ஸ்பெயின் மன்னர் கோப்பையையும் தூக்கியது. சுமார் 30 லட்சம் பேர் வாழும் ஒரு பகுதியால் இது முடிகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே 7.21 கோடிப் பேர் கொண்ட தமிழ்நாட்டால் முடியாதா?

இதைப் பிராந்திய வெறி என்பவர்களுக்கு ஒரே பதில்: ஆடும் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்கு மேல் கூடாது என்ற வரம்பு ஐபிஎல்லில் இன்றும் இருக்கிறது. ஆரம்ப சீசன்களில் உள்ளூர் வீரர்களைச் சேர்க்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அப்போது வெறியாகத் தெரியாதது இப்போது மட்டும் எப்படி வெறியாகும்? எங்கள் பகுதிக் கிராமத்து டென்னிஸ் பந்துப் போட்டியின் நோட்டீஸில்கூட, நுழைவுக் கட்டணத்துக்கும் முதல் பரிசுக்கும் கீழே ‘வெளியூர் ஆட்டக்காரர் இருவருக்கு மட்டுமே அனுமதி’ என்று அச்சடித்திருப்பார்கள். ஊர் பெயரில் ஆடினால் ஊர்க்காரர் ஆட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாம்சன் அருமையான ஆட்டக்காரர், அவரை வரவேற்போம். ஆனால், சென்னை அணியின் பயிற்சி மையம் இருப்பது சதுரங்கப்பட்டினம் இருக்கும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் நாவலூரில். அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கடற்கரையில் ஆடும் பையன்கள், அந்த வாசலை ரசிகர்களாக மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஒவ்வோர் அணியிலும் சொந்த மாநில வீரர்கள் குறைந்தது ஆறு பேர், ஆடும் பதினொருவரில் இருவர் என்று பிசிசிஐ விதி வகுக்க வேண்டும். அதற்குக் காத்திராமல், அடுத்த ஏலத்திலேயே சென்னை நிர்வாகம் தானாக முன்வந்து இதைத் தொடங்கலாம். ஜடேஜாவுக்காகக் குரல் எழுப்பிய ரசிகர்கள் இதற்காகவும் எழுப்ப வேண்டும். இதைச் செய்ய மனமில்லை என்றால், அணியின் பெயரில் உள்ள ‘சென்னை’யை நிர்வாகம் எடுத்துவிடட்டும்.