யாருடைய இசைவு?

‘இசைவாணை’ என்று ஒரு சொல் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தமிழ். 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டமும் 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டமும் ஆங்கிலத்தில் ‘கன்ஸென்ட்’ என்று சொல்வதை இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இசைவு என்பது ஒருவன் தன் மனசால் செய்வது. ஆணை மேலிருந்து இறங்குவது. ஒன்றுக்கொன்று பகையான இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டிய அந்த முகந்தெரியாத குமாஸ்தா, அபாயக் கழிவுகளுக்கு இந்த நாட்டில் இடம் பார்க்கும் முறை முழுவதையும், தன்னையறியாமல், நாலே எழுத்தில் எழுதிவிட்டான். யாருடைய இசைவு? வாரியத்தின் இசைவு. யாருக்கு? ஆலைக்காரனுக்கு. குழிக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவன் இந்த வாக்கியத்தில் எழுவாயும் இல்லை, செயப்படுபொருளும் இல்லை.

இது இலக்கியப் பத்திரிகையில் எழுத வேண்டிய விஷயமா என்று கேட்கப்போகும் நண்பர்களை எனக்குத் தெரியும். செத்த நதி, தொலைந்த சிட்டுக்குருவி, கடைசி மரம் என்று இவர்கள் எழுதும் கவிதைகளுக்குப் பஞ்சமில்லை. நதியைச் சாகடித்த வாக்கியத்தை மட்டும் இவர்கள் படித்ததில்லை. அது கெஜட்டில் இருக்கிறது. கெஜட்டுக்கு நடை கிடையாது என்பது இவர்கள் எண்ணம். ஒரு கவிதையில் பொய்யான ஒரு விசேஷணம் அகப்பட்டால் இரண்டு இதழ்களுக்குச் சண்டை போடுகிறோம். ‘பாதுகாப்பான நிலநிரப்பு’ என்ற தொடரை அப்படியே விழுங்கிவிடுகிறோம். எதிலிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்பது விமர்சகனின் வேலை இல்லையென்றால் வேறு எதுதான் அவன் வேலை?

போபாலை எடுத்துக்கொள்வோம். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த யூனியன் கார்பைடு ஆலைக்குள் 337 டன் கழிவு மூட்டை கட்டிக் கிடந்தது. அது எங்கே போவது என்பதன் சரித்திரம், யாரால் மறுக்க முடிந்தது என்பதன் சரித்திரம். குஜராத்தின் அங்கலேஷ்வரில் எரிக்கலாம் என்றார்கள். குஜராத் முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகு பின்வாங்கிற்று. நாகபுரியில் என்றார்கள், மகாராஷ்டிரம் மறுத்தது. 2012இல் ஜெர்மனிக்கு விமானத்தில் அனுப்ப ஏற்பாடாயிற்று; அங்கே எதிர்ப்புக் கிளம்பவே ஜெர்மன் நிறுவனம் கைகழுவிக்கொண்டது. கடைசியில் 2025 ஜனவரி முதல் தேதி இரவு, பன்னிரண்டு கன்டெய்னர் லாரிகளில், போலீஸ் காவலோடு, சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீதம்பூருக்குக் கழிவு கிளம்பிற்று. நாலு வாரத்தில் அப்புறப்படுத்த வேண்டும் என்று மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருந்தது. ஜனவரி 3ஆம் தேதி பீதம்பூர் வீதியில் இரண்டு பேர் தங்கள்மேல் நெருப்பு வைத்துக்கொண்டார்கள். குஜராத்துக்கு ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. இவர்கள் மறுப்பதற்கு உடம்பைத் தவிர வேறு சாதனம் இல்லை.

2025 ஜூன் முடிவதற்குள் எல்லாம் எரிந்து முடிந்தது. புகை நிர்ணயித்த அளவுக்குள்தான் இருந்தது என்றார்கள் அதிகாரிகள். இருக்கலாம். என் வாதம் புகையைப் பற்றியதல்ல. சுண்ணாம்பும் பிறவும் சேர்த்து எரித்ததில், கொண்டுபோனதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பலும் கசடும் மிஞ்சிற்று. அதைப் புதைக்க இன்னொரு குழி வேண்டும். போபாலிலோ, மூட்டைகள்தான் போயின. நஞ்சேறிய மண் 11 லட்சம் டன் என்று 2010இல் அரசின் ஆய்வு நிறுவனங்களே கணக்குச் சொன்னது இன்னும் தீர்க்கப்படாத கணக்கு.

கேட்காமலா செய்கிறோம், கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறதே என்பார்கள். தமிழில் ‘கேள்’ என்ற வினை செவிமடுப்பதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும், சொன்னபடி நடப்பதையும் குறிக்கும். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை முதல் அர்த்தத்தோடு நின்றுவிடுகிறது. கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வாக்கெடுப்பு இல்லை. பேசியதைக் குறித்துக்கொண்டு மேலே அனுப்புவார்கள். அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் அமையும் திட்டங்களுக்கு இந்தச் சடங்கிலிருந்தும் விலக்குக் கொடுத்தது அதே அறிவிக்கை. பாதிப்பு அறிக்கை தயாரிப்பவருக்குக் கூலி கொடுப்பவர் திட்டக்காரர். கல்யாணத் தரகருக்குப் பிள்ளை வீட்டார் மட்டும் பணம் கொடுத்தால் ஜாதகம் பொருந்தாமல் போகுமா?

மொழி விஷயம் இன்னும் மோசம். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும். மாநில மொழியில் சுருக்கம் மட்டுமே தரவேண்டும். நான் வங்கி குமாஸ்தா. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைப்பவருக்கு, அவருக்குப் புரியும் பாஷையில் வாசகங்களைப் படித்துக் காட்டி விளக்கியாயிற்று என்று ஒரு வரி எழுதி வாங்காமல் நாங்கள் பணம் தருவதில்லை. கறவை மாட்டுக் கடனுக்கு இந்த ஜாக்கிரதை. கைநாட்டு வைப்பவர்மேல் உள்ள பிரியத்தால் அல்ல; நாளைக்குக் கோர்ட்டில், புரியாமல் வைத்தேன் என்று அவர் சொல்லிவிடக்கூடாதே என்பதால். கழிவுக்குழி விஷயத்தில் அந்தப் பயமும் சர்க்காருக்கு இல்லை. அங்கே எவரும் கையெழுத்தே போடவில்லையே. 2020இல் புதிய அறிவிக்கையின் வரைவை 22 மொழிகளில் வெளியிடும்படி தில்லி உயர்நீதிமன்றம் சொன்னபோது, மத்திய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போயிற்று.

எதிர்முகாமில் இருக்கும் நண்பர்களோடும் எனக்குத் தகராறு உண்டு. எங்கும் வேண்டாம் என்பது அவர்கள் மந்திரம். இவர்கள் சாப்பிடும் மாத்திரை, உடுத்தும் துணியின் சாயம், அச்சடிக்கும் மை எல்லாவற்றுக்கும் கசடு உண்டு. குழி வேண்டாம் என்றால் அது ராத்திரியில் ஓடையில் கொட்டப்படும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1978இல் ரசாயன எண்ணெயை 240 மைல் சாலையோரத்தில் அப்படித்தான் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த மண்ணை அள்ளிக் கறுப்பு மக்கள் மிகுந்த வாரன் கவுன்டியில் புதைத்தது அரசு. 1982இல் லாரிகளுக்கு முன்னால் படுத்தவர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். திருட்டுத்தனமாகக் கொட்டியவனும் சட்டப்படி புதைத்தவனும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டார்கள்: எங்கே எதிர்ப்பு குறைவு?

மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. மாசசூசெட்ஸ் 1980இல் ஒரு சட்டம் செய்தது. கம்பெனி ஊரோடு பேரம் பேசி நஷ்டஈடு தரவேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு நிலையம்கூட எழும்பவில்லை. ஊருக்குப் பேரம் பேசும் உரிமை இருந்தது, மறுக்கும் உரிமை இல்லை. மறுக்க முடியாதவனின் பேரத்துக்குப் பெயர் பேரம் அல்ல. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணம் தலைகீழாகச் செய்தது. விருப்பமுள்ள ஊர்கள் முன்வரட்டும் என்றது. ஸ்வான் ஹில்ஸ் நகரத்தில் 1982இல் வாக்கெடுப்பு. 79 சதவீதம் சம்மதம். 1987இல் நிலையம் திறந்தது. அதுவும் முழு வெற்றியல்ல. 1996இல் அங்கே நஞ்சு கசிந்து, சுற்றுவட்டாரத்து மான் இறைச்சியையும் மீனையும் அளவோடு உண்ணும்படி எச்சரிக்கை விட்டார்கள். வேட்டையாடி உண்ணும் பூர்வகுடிகள் அந்த நகரத்தின் வாக்காளர்கள் அல்லர். ஆக, ஊரைக் கேட்டால் மட்டும் போதாது. காற்றும் தண்ணீரும் போகும் எல்லைவரை ஊர் என்று கொள்ள வேண்டும்.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். எந்த ஆலை எவ்வளவு கழிவு உண்டாக்குகிறது, அதில் எவ்வளவைக் குறைக்க முடியும் என்ற கணக்கு முதலில் வரட்டும், குழி பிறகு. அறிக்கைக்குப் பணத்தைத் திட்டக்காரர் பொது நிதியில் கட்டட்டும். எழுதுபவரை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. முழு அறிக்கையும் ஊர் மொழியில் இருக்கட்டும். குழி மூடிய பிறகு காவல் காக்கும் செலவு, முதல் லாரி உள்ளே போகுமுன் வைப்புநிதியாக வந்து சேரட்டும். கம்பெனிகள் கலைந்துவிடும், காட்மியம் கலையாது. கடைசியாக, கிராமசபை வேண்டாமென்றால் வேண்டாம்தான். நடக்கிற காரியமா என்று சிரிப்பவர்களுக்கு: ஒடிசாவின் நியம்கிரியில், உச்சநீதிமன்றம் சொல்லி, 2013இல் பன்னிரண்டு கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்ஸைட் சுரங்கத்தை மறுத்தன. ஆகாயம் இடிந்து விழவில்லை. வனஉரிமைச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்த நாக்கு, குழி ஓரத்துக் குடியானவனுக்கு மட்டும் ஏன் கிடையாது?

இதைப் படிக்கும் முந்நூறு பேரில் முப்பது பேராவது மொழிபெயர்ப்பாளர்கள். ஜெர்மனியிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் ஆங்கிலம் வழியாக எத்தனையோ கொண்டுவந்தவர்கள். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து குறைந்தது முப்பது நாள் அந்த ஆங்கில அறிக்கை கலெக்டர் ஆபீஸில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடக்கிறது. எடுத்துத் தமிழில் எழுதுங்கள். நடை வறட்சியாகத்தான் இருக்கும். வாசகர்கள் நிச்சயம் உண்டு.